வலது அடிவயிற்று வலியும் சி.டி. ஸ்கேனும்

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பெருங்குடலின் தொடக்கப் பையிலிருந்து ஒரு புழுவைப் போலத் தொங்குவது குடல்வால். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இந்தக் குழாயின் நீளம் பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர்தான். இதன் ஒரு முனை குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். திறந்த வாய் அடைபட்டுப் போனால் உள்ளே சுரக்கும் நீருக்கு வெளியேற வழியில்லை. இறுகிக் கல்லாகிப்போன மலத் துகளோ, வாயருகே வீங்கிய நிணநீர்த் திசுவோ இந்த அடைப்பை உண்டாக்கலாம். நீர் தேங்கத் தேங்க அழுத்தம் ஏறுகிறது, கிருமிகள் பெருகுகின்றன, சுவருக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. ஒரு கட்டத்தில் சுவர் அழுகி ஓட்டை விழுகிறது. உள்ளே இருந்த சீழ் வயிற்றறைக்குள் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அப்பெண்டிசைடிஸ் என்று மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் சொல்லப்படும் குடல்வால் அழற்சி இதுதான். எந்த வயதிலும் இது வரலாம் என்றாலும், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில்தான் அதிகம் தாக்குகிறது.

நோய் தொடங்கிய முதல் நாளிலேயே கண்டறிந்தால் சிகிச்சை எளிது. தாமதம் ஆக ஆக, வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. வயிற்று வலியோடு வருகிற ஒருவருக்கு இருப்பது குடல்வால் அழற்சிதானா, வேறொன்றா என்பதை விரைவாகவும் சரியாகவும் சொல்வது அதனால்தான் இத்தனை முக்கியமாகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேட இன்று மருத்துவர்கள் பெரிதும் நாடும் கருவி சி.டி. ஸ்கேன்.

கையால் அறிவது

குடல்வால் வலிக்கு ஒரு வழக்கமான போக்கு உண்டு. முதலில் தொப்புளைச் சுற்றி, இன்ன இடம் என்று சொல்ல முடியாத ஒரு மந்தமான வலி. பசி அற்றுப் போகும், குமட்டும், ஓரிரு முறை வாந்தி வரும். சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, அங்கேயே கூர்மையாக நிலைத்துவிடும். இந்த இடமாற்றத்துக்குக் காரணம் நரம்புகள். குடல்வாலின் நரம்புகள் வலியைத் தொப்புளைச் சுற்றிய பகுதியில்தான் உணரச் செய்கின்றன. அழற்சி பரவி வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகுதான் அந்தச் சுவரின் நரம்புகள் வலியின் சரியான இடத்தைக் காட்டிக் கொடுக்கின்றன.

வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், இடுப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரும் புள்ளியை அழுத்தும்போது வலி அதிகமாக இருக்கும். இதை 1889-இல் எழுதி வைத்தவர் நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1886-இல், பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்டு ஃபிட்ஸ் இந்த நோய்க்கு அப்பெண்டிசைடிஸ் என்று பெயர் வைத்து, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய நோய் இது என்று வற்புறுத்தியிருந்தார். அதன் பிறகு நூறாண்டுக் காலம் மருத்துவரின் கைவிரல்களும், நோயாளி சொல்லும் கதையும், ரத்தத்தில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும்தான் முடிவைத் தீர்மானித்தன.

ஆனால் எல்லா வயிறும் பாடநூலைப் படித்துவிட்டு வலிப்பதில்லை. குடல்வாலின் அடிப்பகுதி ஒரே இடத்தில் இருந்தாலும் அதன் நுனி ஆளுக்கொரு திசையில் கிடக்கும். சிலருக்கு அது பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் முன்வயிற்றை அழுத்தினாலும் பெரிதாக வலிக்காது. சிலருக்கு இடுப்புக் கூட்டுக்குள் இறங்கி, சிறுநீர்ப்பையை உறுத்தி, நீர்க்கடுப்பைப் போலக் காட்டும். முதியவர்களுக்கு வலியும் காய்ச்சலும் அடங்கியே இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது.

போதாததற்கு, அதே இடத்தில் வலியைத் தரும் நோய்கள் பல. சிறுநீர்க் குழாயில் இறங்கும் கல், குடலைத் தாங்கும் சவ்வில் நெறிகட்டுதல், பெருங்குடல் சுவரில் உண்டாகும் சிறு பைகளின் அழற்சி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும் கிரோன் நோய் ஆகியவை அவற்றுள் சில. அதே இடத்தைத் தாக்கும் குடல் காசநோயை இந்தியாவில் மறந்துவிடவே முடியாது. பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி உடைதல், சினைப்பை முறுக்கிக்கொள்ளுதல், கருக்குழாயிலேயே கரு தங்கிவிடுதல் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

இந்தக் குழப்பத்துக்கு அந்தக் கால அறுவை மருத்துவம் ஒரு விலை கொடுத்தது. வெடிக்கவிட்டு வருந்துவதைவிட, சந்தேகம் இருந்தால் திறந்து பார்த்துவிடுவது மேல் என்பது நடைமுறையாக இருந்தது. அப்படித் திறந்த வயிறுகளில் நூற்றுக்குப் பதினைந்து, இருபதில் குடல்வால் நோயில்லாமலே இருந்தது. இளம்பெண்களிடம் இந்த அளவு இன்னும் கூடுதல். மயக்க மருந்து, தழும்பு, மருத்துவமனை நாட்கள், பிற்காலத்தில் குடல் ஒட்டிக்கொள்ளும் அபாயம் எல்லாம் தேவையில்லாத ஓர் அறுவைக்காக அவர்கள் சுமந்தவை.

ஸ்கேன் வந்த கதை

சி.டி. ஸ்கேனை உருவாக்கியவர் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக இக்கருவியால் படமெடுக்கப்பட்டது. எக்ஸ்ரே கதிரைப் பல கோணங்களிலிருந்து உடலுக்குள் செலுத்தி, வெளிவரும் அளவுகளைக் கணினியால் கூட்டிச் சேர்த்து, உடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் படம் வரைவதுதான் இதன் உத்தி. இதற்கான கணித அடிப்படையை முன்பே வகுத்திருந்த ஆலன் கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தொடக்க காலக் கருவிகள் ஒவ்வொரு வெட்டுப் படத்துக்கும் நின்று நின்று போயின. அதற்குள் நோயாளி மூச்சு விடுவார், குடல் நகரும், பென்சில் பருமனுள்ள ஒரு குழாய் படங்களுக்கு இடையில் தொலைந்துபோகும். 1980-களின் இறுதியில் சுருள் முறை ஸ்கேன் வந்தது. மேசை நகர்ந்துகொண்டே இருக்க, கதிர்க்குழாய் நிற்காமல் சுற்றி, ஒரே மூச்சில் வயிறு முழுவதையும் படமாக்கியது. குடல்வாலைத் தேடிப் பார்ப்பது அதன் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

திருப்புமுனையாக அமைந்தது பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து, 1998-இல் வெளியான ஓர் ஆய்வு. குடல்வால் அழற்சி என்று சந்தேகிக்கப்பட்ட 100 பேருக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஸ்கேன் இல்லாவிட்டால் இவருக்கு என்ன செய்திருப்பார்கள் என்பது முன்னதாகவே பதிவானது. பிறகு உண்மையில் நடந்ததோடு அது ஒப்பிடப்பட்டது. நூறு பேரில் 53 பேருக்குத்தான் நோய் இருந்தது. ஸ்கேன் முடிவு 98 விழுக்காடு சரியாக இருந்தது. 59 பேருக்குச் சிகிச்சைத் திட்டமே மாறியது. அவர்களில் 13 பேர் தேவையற்ற அறுவையிலிருந்து தப்பினார்கள். அறுவை தேவைப்பட்ட 21 பேர், படுக்கையில் கிடந்து பார்ப்போம் என்ற காத்திருப்பு இல்லாமல் நேரே சிகிச்சைக்குப் போனார்கள். ஸ்கேன் செலவைக் கழித்த பிறகும் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 447 டாலர் மிச்சமானது.

அதே நகரின் இன்னொரு பெரிய மருத்துவமனையின் பதினெட்டு ஆண்டுக் கணக்கு மாற்றத்தின் அளவைக் காட்டுகிறது. 1990-இல் குடல்வால் அறுவைக்கு முன் ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர், 2007-இல் அது 97.5 விழுக்காடு. அதே காலத்தில், நோயில்லாத குடல்வாலை அகற்றிய அறுவைகள் 23 விழுக்காட்டிலிருந்து 1.7 விழுக்காட்டுக்கு இறங்கின.

ஸ்கேன் அறையில்

ஸ்கேனுக்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா, அயோடின் கலந்த மருந்துக்கு முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவரா, பெண்ணாக இருந்தால் கர்ப்பமா என்பவை அவை. பிறகு கையின் ரத்தக்குழாயில் ஊசி பொருத்தி, அதன் வழியாக, படத்தில் உறுப்புகளைப் பிரித்துக் காட்ட உதவும் அந்த அயோடின் மருந்து, அதாவது கான்ட்ராஸ்ட் மருந்து, செலுத்தப்படுகிறது. மருந்து ஏறும் அந்தச் சில விநாடிகளில் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரு வெதுவெதுப்பு பரவும், நாக்கில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் கழித்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். அப்படி எதுவும் ஆகியிருக்காது. மருந்து உடலில் பரவும்போது பலருக்கும் வரும் உணர்வு அது, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மூச்சை அடக்கச் சொல்லும் குரல் கேட்கும், மேசை வளையத்துக்குள் நகரும். படமெடுப்பது சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

கான்ட்ராஸ்ட் மருந்தைக் குடிக்கக் கொடுப்பதும் உண்டு. அது குடல் முழுவதும் பரவ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாந்தி எடுக்கும் நோயாளிக்கு அது பெரும் சிரமம். பெரும்பாலானோருக்கு ரத்தக்குழாய் வழி மருந்து மட்டுமே போதும் என்று தெரிந்ததால் பல மருத்துவமனைகள் குடிக்கும் மருந்தைக் கைவிட்டுவிட்டன.

படத்தைப் படிக்கும் கதிரியக்க மருத்துவர் குடல்வாலை நேராகத் தேடுவதில்லை. முதலில் வலப்புறப் பெருங்குடலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுப் படமாகக் கீழே இறங்கி வருகிறார். சிறுகுடல் வந்து சேரும் வாயைத் தாண்டியதும், பையின் ஓரத்திலிருந்து ஒரு சிறு வட்டம் பிரிகிறது. அடுத்த படத்தில் அது கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. அந்த வட்டத்தைப் பின்தொடர்ந்து போனால், எங்கோ ஓரிடத்தில் அது சட்டென்று மறைகிறது. மூடிய நுனி அதுதான். முன்னும் பின்னும் பலமுறை போய் வந்து, குழாய் முழுவதையும் பார்த்த பிறகே முடிவு எழுதப்படும். நுனியில் மட்டும் அழற்சி இருக்கவும் கூடும் என்பதால் பாதியில் நிறுத்த முடியாது.

நல்ல குடல்வால் மெல்லிய சுவரோடு, உள்ளே சிறிது காற்றோடு, பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கும். சுற்றியுள்ள கொழுப்பு படத்தில் சீரான கறுப்பாகத் தெரியும். அழற்சி கண்ட குடல்வால் 6 மில்லிமீட்டரைத் தாண்டிப் பருத்திருக்கும். சுவர் தடித்து, கான்ட்ராஸ்ட் மருந்தால் பளிச்சென்று ஒளிரும். சுற்றியுள்ள கறுப்பில் சாம்பல் நிற இழைகள் படரும். அவை வீக்கத்தால் கொழுப்பில் ஊறிய நீர். குழாய்க்குள் வெள்ளைப் புள்ளியாகக் கல் தெரியலாம். சுவரில் ஒளிராத ஓர் இடைவெளி, குடலுக்கு வெளியே காற்றுக் குமிழ், சீழ் தேங்கிய குழி ஆகியவை வெடித்துவிட்டதன் அடையாளங்கள். பருமனை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறு. உள்ளே காற்று நிறைந்திருந்தால் நல்ல குடல்வாலே 6 மில்லிமீட்டரைத் தாண்டும். மிக ஒல்லியானவர்களிடம் கொழுப்பு குறைவாக இருப்பதால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும், அவர்களிடம் படிப்பது கடினம்.

எவ்வளவு நம்பலாம்

64 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பின்படி, நோய் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 95 பேரை சி.டி. ஸ்கேன் சரியாகப் பிடிக்கிறது. நோய் இல்லாத 100 பேரில் ஏறத்தாழ 94 பேருக்கு இல்லை என்று சரியாகச் சொல்கிறது. மிக நல்ல கருவிதான். ஆனால் அதன் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பது, யாருக்கு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வலியோடு வந்த 200 பேரில் மருத்துவர் நன்றாகச் சோதித்துப் பார்த்துச் சந்தேகப்பட்டு அனுப்பியதால், பாதிப் பேருக்கு, அதாவது 100 பேருக்கு, நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் அவர்களில் 95 பேரைக் காட்டும், நோயில்லாத 100 பேரில் 6 பேரைத் தவறாகக் காட்டும். ‘நோய் இருக்கிறது’ என்று வரும் 101 முடிவுகளில் 6 மட்டுமே தவறு. இப்போது, வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் வந்தவர்களையெல்லாம் அனுப்பியதால் 200 பேரில் 20 பேருக்குத்தான் நோய் என்றால் என்ன ஆகும்? ஸ்கேன் 19 பேரைச் சரியாகக் காட்டும். நோயில்லாத 180 பேரில் ஏறத்தாழ 11 பேரைத் தவறாகக் காட்டும். மொத்தம் 30 முடிவுகளில் 11 தவறு. கருவியும் அதுவே, படிப்பவரும் அவரே. முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்க்காததால் வந்த வித்தியாசம் இது. ஸ்கேன் வந்த பிறகு மருத்துவரின் கைக்கு வேலை குறைந்துவிடவில்லை, பொறுப்பு கூடியிருக்கிறது.

கதிர்வீச்சின் கணக்கு

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுக்கப்படுவது. வழக்கமான வயிற்று ஸ்கேன் ஒன்றில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். அப்படிப் பார்த்தால் ஒரு ஸ்கேன் மூன்று, நான்கு ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். இதனால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு தனி ஒருவருக்கு மிகச் சிறிதுதான். ஆனாலும் குடல்வால் அழற்சி அதிகம் வருவது சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும். அவர்களின் திசுக்கள் கதிருக்கு எளிதில் பாதிப்படையக்கூடியவை, வாழ வேண்டிய ஆண்டுகளும் அதிகம்.

இந்தக் கவலைக்குத் தென்கொரிய மருத்துவர்கள் நல்லதொரு வழியைக் காட்டினார்கள். 15 முதல் 44 வயதுக்குட்பட்ட 891 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான அளவிலும், மற்றக் குழுவுக்கு ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்கு கதிரிலும் ஸ்கேன் எடுத்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், நோயில்லாத குடல்வாலை அகற்றிய அளவு குறைந்த கதிர்க் குழுவில் 3.5 விழுக்காடு, வழக்கமான குழுவில் 3.2 விழுக்காடு. பெரிய வித்தியாசம் இல்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் விடை மங்கவில்லை.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

யாரை ஸ்கேனுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய மதிப்பெண் முறைகள் உதவுகின்றன. அவற்றுள் பெயர்பெற்றது ஆல்ஃபிரெடோ அல்வராடோ 1986-இல் வகுத்தது. வலி இடம் மாறியது, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, அழுத்திய கையை எடுக்கும்போது வலித்தல், காய்ச்சல், வெள்ளையணுக்களில் இளம் அணுக்கள் கூடுதல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண். வலது அடிவயிற்றை அழுத்தினால் வலிப்பதற்கும், வெள்ளையணு எண்ணிக்கை உயர்வுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 10. நான்குக்கு மேல் வராதவர்களுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு என்பதால், கவனித்துவிட்டுத் திரும்பவும் சோதிப்பதே போதும். நடுவில் நிற்பவர்களுக்குத்தான் ஸ்கேன் அதிகம் பயன்படுகிறது. மதிப்பெண் மிக உயர்ந்து, அறிகுறிகளும் தெளிவாக இருக்கும் இளைஞருக்கு ஸ்கேன் இல்லாமலே அறுவைக்குப் போகலாமா என்பதில் நாட்டுக்கு நாடு நடைமுறை மாறுகிறது.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். இதில் கதிர்வீச்சு இல்லை. வலிக்கும் இடத்தில் கருவியை மெல்ல மெல்ல அழுத்தி, மேலே கிடக்கும் குடலை விலக்கிப் பார்க்கும் முறை 1986-இல் வந்தது. அழுத்தியும் தட்டையாகாத குழாய் தெரிந்தால் அழற்சி என்று பொருள். பார்ப்பவரின் திறமையைப் பெரிதும் நம்பியிருப்பதும், பருத்த உடலிலும் குடலில் காற்று நிறைந்த நிலையிலும் தெளிவாகக் காட்டாததும் இதன் குறைகள். குடல்வாலைக் காணவே முடியவில்லை என்று அல்ட்ராசவுண்ட் அறிக்கை சொன்னால், நோய் இல்லை என்று அதற்குப் பொருளல்ல. கர்ப்பிணிகளுக்கு அடுத்த படி, வசதி உள்ள இடங்களில், எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

முதியவர்களிடம் நிலைமை வேறு. பெருங்குடலின் தொடக்கத்தில் உருவாகும் புற்றுநோய் குடல்வாலின் வாயை அடைத்து அழற்சியாக வெளிப்படலாம். கதிர்வீச்சின் கவலையும் அந்த வயதில் குறைவு. எனவே அவர்களுக்குத் தயங்காமல் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. வயிறு பலகைபோல் இறுகி, ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கோ, ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்க நேரமில்லை.

சிகிச்சையின் பாதை பிரியும் இடம்

நோய் உண்டா இல்லையா என்பதோடு ஸ்கேனின் வேலை முடிவதில்லை. வெடிக்காத எளிய அழற்சியா, சீழ் கட்டிய சிக்கலான அழற்சியா என்றும் அது பிரித்துக் காட்டுகிறது. பெரிய சீழ்க்கட்டி இருந்தால், ஸ்கேன் பார்த்தபடியே தோல் வழியாகக் குழாய் செருகிச் சீழை வடிக்க முடிகிறது.

எளிய அழற்சிக்கு அறுவை இல்லாமல் ஆன்டிபயாட்டிக் மருந்து மட்டும் கொடுத்துப் பார்க்கும் வழியும் ஸ்கேனின் துணையால்தான் நம்பிக்கை பெற்றது. ஸ்கேனில் எளிய அழற்சி என்று உறுதியான 530 பேரிடம் பின்லாந்தில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டது. ஐந்தாண்டுகளில் அது 39 விழுக்காடானது. 1,552 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், மருந்துக் குழுவில் 29 விழுக்காட்டினர் 90 நாளுக்குள் அறுவைக்குப் போனார்கள். கல் இருந்தவர்களிடம் இது 41 விழுக்காடு, கல் இல்லாதவர்களிடம் 25. அந்தக் கல் இருக்கிறதா என்பதைத் தெளிவாகச் சொல்வது ஸ்கேன்தான். மருந்தா அறுவையா என்று நோயாளியும் மருத்துவரும் கலந்து முடிவெடுக்க இந்தத் தகவல் இன்றியமையாதது.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, பசியின்மை, வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. வயிற்றைச் சுத்தம் செய்வதாக நினைத்து விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுப்பது ஆபத்து, வீங்கியிருக்கும் குடல்வால் உடையக்கூடும். மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துபோகும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை. சோதனைக்கு முன் வலியைக் குறைப்பது நோயறிதலைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மருத்துவர் பார்க்கும் முன்னரே ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருவதால் பயனில்லை. அவர் கேட்டால் தயங்கவும் தேவையில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்து வீடு திரும்பிய பிறகு வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு நாளுக்குள் குறையாவிட்டாலோ திரும்பவும் மருத்துவமனைக்குப் போவதே சரி. நோய் உள்ள நூறு பேரில் ஐந்து பேரை ஸ்கேன் தவறவிடுகிறது. முதல் சில மணி நேரத்தில் படத்தில் தெரியாத அழற்சி மறுநாள் தெரியலாம். அப்போது அந்த வயிற்றை மருத்துவரின் கை திரும்பவும் சோதித்துப் பார்க்க வேண்டும்.